இளநிலை உளவியல்: ஆறு செமஸ்டருக்குப் பிறகு

தங்கையை இந்தப் படிப்பில் சேர்க்கலாமா என்று தோழி ஒருத்தி கேட்டதால் இது. என்னென்ன தாள்கள் என்பது கல்லூரிக் கையேட்டிலேயே இருக்கிறது. இந்தப் பட்டத்தை மட்டும் வைத்து யாருக்கும் சிகிச்சை தர முடியாது என்பதும் தெரிந்ததுதான்.

புலனுணர்வுத் தாளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒரு காகிதத்தில் 8 செ.மீ. இடைவெளியில் இரண்டு குறி போட்டு, இடக் கண்ணை மூடி, இடப்பக்கக் குறியையே பார்த்தபடி காகிதத்தை அருகே கொண்டுவந்தால், சுமார் 30 செ.மீ. தூரத்தில் வலப்பக்கக் குறி மறைந்துவிடும். குருட்டுப் புள்ளி! இதைச் செய்து பார்த்த பிறகுதான் பாடமே தொடங்கும். சமூக உளவியலும் சோடை இல்லை. 1964-இல் நியூயார்க்கில் நடந்த கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண்ணின் கொலையை 38 பேர் கைகட்டி வேடிக்கை பார்த்தார்கள் என்ற பழைய கதையைச் சொல்லி, அந்த எண்ணிக்கை ஏன் நிற்காது என்பதையும் சேர்த்தே நடத்துகிறார்கள்.

எரிச்சலெல்லாம் எண்களில்தான். புள்ளியியல் இரண்டாம் செமஸ்டரில், ப்ராஜெக்ட் ஆறாவதில். நடுவில் ஒன்றரை வருடம் எண்களோடு யாருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அதன் விளைவு முதலில் தெரிவது பிராக்டிகலில். முல்லர்-லயர் என்பது, நுனியிலுள்ள அம்பு முனைகளின் திசையால் சம நீளக் கோடுகள் சமமில்லாததுபோல் தோன்றும் மாயத்தோற்றம். அதில் ஒரு கோட்டை மற்றதற்குச் சமமாகத் தெரியும்வரை நீட்டி 10, குறைத்து 10, பக்கம் மாற்றி இன்னும் 20 என 40 முறை அளந்தால்தான் கை நகரும் திசையால் வரும் பிழையையும் பக்கத்தால் வரும் பிழையையும் பிரிக்க முடியும். பாதிப் பேர் பத்தோடு நிறுத்திவிட்டு மீதியை ரெக்கார்டு நோட்டில் கற்பனையாக நிரப்புகிறார்கள். மதிப்பெண் நோட்டின் அழகுக்குத்தான் என்றால் வேறென்ன செய்வார்கள்?

எதிர்வினை நேரத்தைக் கை ஸ்டாப்வாட்சில் அளப்பது இன்னும் மோசம். ஸ்ட்ரூப் சோதனைக்கு (நீல மையில் எழுதிய 'சிவப்பு' போன்ற சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்வது) அது போதும்: 1935-இல் ஸ்ட்ரூப் 100 வண்ணங்களைச் சொல்லவைத்தபோது வெறும் கட்டங்களுக்குச் சராசரி 63 விநாடி, முரண்பட்ட சொற்களுக்கு 110. அந்த இடைவெளியைக் கைக்கடிகாரமே காட்டிவிடும். ஆனால் விளக்கைக் கண்டதும் பொத்தானை அழுத்த ஆகும் நேரமே 0.2 விநாடிதான். ஸ்டாப்வாட்சை நிறுத்துபவரின் விரலும் கிட்டத்தட்ட அவ்வளவு தாமதிக்கும். யாருடைய எதிர்வினையை அளந்தோம் என்பதே தெரியாது.

கடைசியில் ப்ராஜெக்ட். விடுதியில் தங்குவோர் 30, வீட்டிலிருந்து வருவோர் 30, ஒரு மனஅழுத்தக் கேள்வித்தாள், இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் ஒரு டி-டெஸ்ட், 'வேறுபாடு இல்லை' என்று முடிவுரை. நடுத்தர அளவிலான வேறுபாட்டை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கக் குழுவுக்கு 64 பேராவது வேண்டும். 30 பேரை வைத்தால், வேறுபாடு உண்மையிலேயே இருந்தாலும் கண்ணில் படும் வாய்ப்பு பாதிக்கும் குறைவு. 'இல்லை' என்பதற்கும் 'இந்த வலையில் சிக்கவில்லை' என்பதற்கும் உள்ள தூரத்தை ப்ராஜெக்டுக்கு வழிகாட்டும் எந்த ஆசிரியரும் சொல்வதில்லை. இத்தனைக்கும் ஜமோவி என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம். இரண்டாம் செமஸ்டர் முதலே பிராக்டிகல் தரவை அதில் போடவைத்திருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும்.

ஆசிரியர்கள் நல்லவர்கள், நூலகம் நன்று, பாதித் தாள்கள் அருமை. இருந்தும் இன்றைக்குக் கேட்டால் சேர்க்க வேண்டாம் என்றுதான் வாயில் வருகிறது. சேர்த்தே தீருவது என்றால், பார்க்கப் போகும் நாளில் போன வருட ப்ராஜெக்ட் அறிக்கைகளில் ஐந்தைக் கேட்டு வாங்கி, எத்தனை பேரை எடுத்தார்கள், ஏன் அத்தனை என்று எழுதியிருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.