பழைய ஸ்டீல் ஃப்ரேமை மாற்றக் கொடுக்கிறீர்களா? என் இரண்டு மாதச் சம்பளம் போன விவரம்

இன்று மாலைதான் முழு விவரமும் தெரிந்தது. ஆறப்போட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். பழைய ரோடு சைக்கிள்களை நெடுந்தூரத்துக்கும் மண்பாதைக்கும் ஏற்றபடி மாற்றித் தருவதாகச் சொல்லும் ஒரு பட்டறையில் என் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்தேன். ஓட்டவே முடியாத சைக்கிளைத் திரும்ப வாங்கியிருக்கிறேன்.

1970களின் பிரெஞ்சு ஃப்ரேம் அது. ரெனால்ட்ஸ் 531 என்ற மெல்லிய ஸ்டீல் குழாய், லக் (மூட்டு உறை) வைத்துப் பற்றவைத்தது. இத்தனை வருடத்தில் ஒரு விரிசல் கிடையாது. பின்சக்கரம் உட்காரும் இடைவெளி 120 மி.மீ., பின்னால் ஐந்து பல்சக்கரம் (ஃப்ரீவீல்) இருந்த காலத்து அளவு. நான் கேட்டது இவ்வளவுதான்: 700சி சக்கரத்துக்குப் பதில் 650பி என்ற சற்றுச் சிறிய சக்கரம், 42 மி.மீ. டயர், 130 மி.மீ. ஹப் (சக்கரத்தின் நடு உருளை), கேசட் (புது வகைப் பின் பல்சக்கரத் தொகுதி), புது பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் பேரிங்), கீழே இறங்கிய ரிம்மை எட்டும் நீளமான பிரேக். ரிம் 622-லிருந்து 584 மி.மீ. ஆகக் குறைந்தாலும் டயர் தடிப்பதால் சக்கரத்தின் மொத்த உயரம் 23 மி.மீ. டயர் போட்ட 700சி அளவுக்கே வந்துவிடும். பெடல் தரையில் இடிக்காது. 130 மி.மீ. ஹப் நுழைய ஃப்ரேமின் பின்பக்கத்தை அகலப்படுத்த வேண்டும்; ஸ்டீலை வளைத்து அப்படிச் செய்யலாம், அலுமினியத்திலும் கார்பனிலும் அது நடக்காது. நன்றாகச் செய்தால் இன்னும் முப்பது வருடம் ஓடும் வண்டி.

அந்தப் பட்டறைக்காரரை நான் நம்பியது ஒரு நூலால். முதல் நாள் ஒரு டிராப்அவுட்டில் (பின்சக்கர அச்சு மாட்டும் முனை) நூலைக் கட்டி, முன்னால் உள்ள ஹெட் டியூபைச் சுற்றி, மறு டிராப்அவுட்டுக்குக் கொண்டுவந்து இழுத்துப் பிடித்தார். நடுவில் சீட்டைத் தாங்கும் சீட் டியூபுக்கு இரண்டு பக்கமும் உள்ள இடைவெளியை அளந்து காட்டினார். இரண்டும் ஒன்றாக இருந்தன, அதாவது ஃப்ரேம் கோணாமல் நேராக இருந்தது. "பாருங்க தம்பி, நூல் பொய் சொல்லாது. முடிச்சதும் உங்க கண் முன்னாடியே மறுபடி பிடிச்சுக் காட்டுறேன்" என்றார். 531 குழாய் எவ்வளவு மெல்லிசு, அதை ஏன் அதிகம் சூடாக்கக் கூடாது என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். இவ்வளவு தெரிந்தவரிடம் எழுதி வாங்கவா என்று கூச்சமாக இருந்தது. "சாமான் இறக்கணும்" என்றதும் முழுத் தொகையையும் அன்றைக்கே கொடுத்துவிட்டேன். இரண்டு மாதச் சம்பளம், ஒரே தவணையில்.

மூன்று வாரம் என்றது பதினொரு வாரம் ஆனது. எடுக்கப் போன அன்று அவர் இல்லை, பையன்தான் வண்டியைத் தள்ளிக் கொடுத்தான். நூலைப் பற்றிக் கேட்டேன். "எல்லாம் செக் பண்ணியாச்சு" என்றான். நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

முதல் ஓட்டத்தில் 40 கிலோமீட்டர்கூட ஆகவில்லை. மண்பாதையில் ஏறியதும் கிராங்க் (பெடல் கை) பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. பின் டயர் வலது செயின்ஸ்டேயை (பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாய்) உரசி பெயின்ட் போய்விட்டது. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் ரப்பர் கருகும் வாசனை. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வந்தேன்.

அப்புறம் ஆரம்பித்தது போன் படலம். முதல் தடவை, "பழைய ஃப்ரேம்தானே, ஓட்ட ஓட்ட செட் ஆகிடும்." இரண்டாவது தடவை, "மாஸ்டர் வெளியூர் போயிருக்கார்." மூன்றாவது தடவை, "நீங்க மண்ணுல ஓட்டினீங்களா?" மண்ணில் ஓட்டத்தானே ஐயா மாற்றச் சொன்னேன்! படமும் வீடியோவும் அனுப்பினேன். பார்த்துவிட்டார்கள் என்று காட்டியது, பதில் வரவில்லை. இரண்டு மாதச் சம்பளத்தை வாங்கும்போது மட்டும் இரவு பத்து மணிக்கும் போனை எடுத்தார்கள்.

இன்று வேறொரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவரும் நூல்தான் பிடித்தார். ஒரு பக்கம் 4 மி.மீ. அதிகம். 120-ஐ 130 ஆக்க இரண்டு பக்கமும் 5 மி.மீ. வீதம், ஒவ்வொரு பக்கமாக அளந்து அளந்து வளைக்க வேண்டும். பிறகு டிராப்அவுட் இரண்டையும் ஒன்றுக்கொன்று நேராக்க வேண்டும், இல்லையென்றால் ஆக்சில் வளையும். இவர்கள் நடுவில் எதையோ கொடுத்து நெம்பியிருக்கிறார்கள், எந்தப் பக்கம் இளகியதோ அது அதிகம் வளைந்துவிட்டது. நீள பிரேக்குக்கும் காசு வாங்கிக்கொண்டு, பழைய பிரேக்கின் துளையை அரத்தால் நீட்டி மாட்டியிருந்தார்கள். ரிம் 19 மி.மீ. கீழே போயிருக்கிறது, அரம் எவ்வளவு தூரம் எட்டும்? பிரேக் பேட்டின் மேல்பாதி டயரைத் தேய்த்திருக்கிறது. இறக்கத்தில் டயர் வெடித்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன்?

இதையெல்லாம் சரி செய்யலாம். பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றியபோதுதான் அவர் பேசாமல் என்னைப் பார்த்தார். உள்ளேயிருந்து இரும்புச் சுருள் கொட்டியது. இந்த ஃப்ரேமில் இருந்தது பிரெஞ்சு மரை: 35 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி, இரண்டு பக்கமும் வலப்புறமாகத் திருகுவது. அவர்கள் போட்டது இங்கிலாந்து அளவு: 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை, வலது பக்கக் கப் (பாட்டம் பிராக்கெட்டை ஃப்ரேமில் பிடிக்கும் திருகு வளையம்) இடப்புறமாகத் திருகுவது. கையால் ஏறவே ஏறாது. அதனால் இங்கிலாந்து டேப்பை (மரை வெட்டும் கருவி) விட்டுப் பழைய மரையின் குறுக்கே வெட்டி, முறுக்கி ஏற்றியிருக்கிறார்கள். ஐம்பது வருடம் ஒரு கீறலில்லாமல் இருந்த மரை. மரையே தேவைப்படாத, உள்ளே விரிந்து பிடிக்கும் வகை ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுப் பார்க்கலாம் என்கிறார். அதற்கும் தனிச் செலவு.

உடனே பட்டறைக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். "வெளியாள் கை வச்சா நாங்க பொறுப்பில்லை" என்றார், அன்று நூல் பிடித்த அதே ஆள். வைத்துவிட்டார்.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். உங்கள் ஃப்ரேமின் மரை எந்த நாட்டு அளவு என்று பட்டறைக்காரரே எழுதித் தரட்டும், தெரியாது என்றால் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள். எடுக்கும்போது நூல் பிடித்துக் காட்டாமல் நகராதீர்கள். கழற்றிய பழைய சாமான் அத்தனையையும் கேட்டு வாங்குங்கள். பிரெஞ்சு மரைக் கப் இப்போது தேடினாலும் சுலபத்தில் கிடைப்பதில்லை. என்னுடையது நல்ல நிலையில் இருந்தது. கேட்டேன், குப்பையில் போட்டுவிட்டார்களாம்.