சத்தமே போடாமல் போன வால்வு: மணலில் ஒரு குவாட் பைக்கோடு மூன்று குளிர்காலம்

ஷார்ஜா பக்கம் அல் படாயர் மணல்மேடுகளில்தான் நான் ஓட்டுவது. அக்டோபர் கடைசியில் தொடங்கினால் மார்ச்சோடு சரி. அதற்கு மேல் அந்த வெயிலை ஆளும் தாங்க மாட்டான், எஞ்சினும் தாங்காது. வண்டி 450 சிசி வகை ஸ்போர்ட் குவாட், பழைய கார்புரேட்டர் மாடல். காற்றும் பெட்ரோலும் உள்ளே வர இன்டேக் மூன்று, புகை வெளியேற எக்ஸாஸ்ட் இரண்டு என்று ஐந்து வால்வு, ஐந்துமே டைட்டானியம். நான் வாங்கியபோது கை படாத வண்டி. கை வைத்தது நான்தான்.

திறந்த சைலன்சர், அதற்கேற்ற பெரிய மெயின் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை), பின்னால் மணலை வாரித் தள்ளும் துடுப்பு வைத்த பேடில் டயர், ஏர் ஃபில்டர் உட்காரும் ஏர் பாக்ஸின் மூடியைக் கழற்றி வைத்தது. இவ்வளவுதான் மாற்றங்கள். மூன்று சீசன் கழித்துச் சொன்னால், பேடில் டயருக்குக் கொடுத்த காசு மட்டும்தான் வீண் போகவில்லை. சைலன்சரால் கூடியது பாதிக்கு மேல் சத்தம்தான். மூடியைக் கழற்றிய கதையைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது சீசன் நடுவில் ஒரு தொல்லை ஆரம்பித்தது. காலையில் செல்ஃப் சுற்றும், பிடிக்காது. மேட்டிலிருந்து தள்ளிவிட்டால் உடனே பிடிக்கும். ஓடத் தொடங்கிவிட்டால் குறை ஒன்றும் தெரியாது. சரி, கார்புரேட்டர்தான் என்று முடிவு கட்டினேன். மூன்று முறை கழற்றிக் கழுவினேன், பைலட் ஜெட் மாற்றினேன், பிளக் மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், காதை வைத்துக் கேட்டுவிட்டு, "டேப்பட் சத்தமே இல்லை சார், எஞ்சின் சுத்தமா இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கும் சந்தோஷம்தான்.

அந்த அமைதிதான் நோயே. ஊரில் பைக் ஓட்டிப் பழகிய நமக்கு டேப்பட் அடித்தால்தான் வால்வில் கோளாறு என்று மனதில் பதிந்திருக்கிறது. வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தித் திறக்கும் கேமுக்கும் நடுவே உள்ள இடைவெளி கூடினால்தான் அடிக்கும். இந்த வகை எஞ்சினில் நடப்பது தலைகீழ். வால்வின் விளிம்பு தேயத் தேய அது சீட்டுக்குள் (மூடும்போது வால்வு பொருந்தி உட்காரும் வளையம்) அமிழ்ந்து, தண்டு மேலே ஏறிவிடும். இடைவெளி குறையும், சத்தமும் குறையும். கடைசியில் இடைவெளியே இல்லாமல் போய் வால்வு முழுதாக மூடாது. மூடாத வால்வு சூட்டைச் சீட்டுக்குக் கடத்த முடியாமல் கருகவும் தொடங்கும். செல்ஃப் சுற்றும் வேகத்துக்குக் கம்ப்ரெஷன் போதவில்லை. தள்ளும்போது எஞ்சின் இன்னும் வேகமாகச் சுற்றுவதால் பிடித்துக்கொள்கிறது.

அப்புறம்தான் இந்த இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜை எடுத்தேன். கையேட்டின்படி இன்டேக்குக்கு 0.10 முதல் 0.15 மி.மீ. இருக்க வேண்டும். இடது ஓர வால்வில் 0.05, நடு வால்வில் 0.07. எக்ஸாஸ்ட் இரண்டும் சரியாக இருந்தன. இடைவெளியைச் சரிசெய்ய வால்வுத் தண்டின் முனையில் வைக்கும் சின்ன உலோகத் தகடுதான் ஷிம், 0.05 மி.மீ. படிகளில் கிடைக்கும். ஒரு படி மெல்லியதாகப் போட்டேன், வண்டி பொத்தானைத் தொட்டதும் பிடித்தது. பிரச்சினை தீர்ந்தது என்று நண்பர்களுக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தது தனிக்கதை. ஆறே வாரத்தில் அதே வால்வு மறுபடி 0.06.

ஒரு முறை ஷிம் மாற்றினால் பராமரிப்பு. அதே வால்வுக்கு உடனே இரண்டாவது முறை என்றால் அந்த வால்வு முடிந்தது. டைட்டானியத்தின் மேல் இருக்கும் கடினப் பூச்சு மிக மெல்லியது. அது போனபின் அடியில் உள்ள உலோகம் மளமளவென்று தேயும். இது எனக்கு அப்போது தெரியாது. சொல்லிக் கொடுத்தவர் திருநெல்வேலிக்கார மெக்கானிக் ஒருவர். "தம்பி, இன்னும் மெல்லிசா போட்டுக்கிட்டே போனா வால்வுத் தலை உடஞ்சு பிஸ்டன் மேல விழும். அப்புறம் எஞ்சினையே மாத்தணும்" என்றார்.

"கம்ப்ரெஷன் பார்த்துடலாமா அண்ணே?" என்று கேட்டேன். அந்த கேஜை நம்ப வேண்டாம் என்றார். கேமில் தானியங்கி டீகம்ப்ரெஷன் (ஸ்டார்ட் செய்யும்போது வால்வைச் சற்றுத் திறந்து அழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பு) இருப்பதால், நல்ல எஞ்சினிலும் அளவு குறைவாகத்தான் காட்டுமாம். அதற்குப் பதில் லீக் டவுன் சோதனை செய்தார். கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, கிராங்க் திரும்பாமல் பிடித்துக்கொண்டு, பிளக் துளை வழியாகக் காற்று ஏற்றினார். 38 சதவீதம் கசிவு. அதைவிட முக்கியம், காற்று எங்கே போகிறது என்பது. சைலன்சர் வழியாக வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் துளையில் வந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். எங்களுக்குக் கார்புரேட்டர் வாயில் 'உஸ்ஸ்' என்று கேட்டது. மாதக்கணக்கில் நான் கழுவிக்கொண்டிருந்த அதே கார்புரேட்டர்!

ஏர் ஃபில்டருக்குப் பின்னால் உள்ள ரப்பர் குழாய்க்குள் விரலை விட்டுத் துடைக்கச் சொன்னார். விரலில் நறநறவென்று மணல். மூடி இல்லாத பாக்ஸில் பேடில் டயர் வாரியடித்த மணல் நேராக ஃபில்டர் மேல் கொட்டியிருக்கிறது. ஃபோமின் விளிம்பும் சரியாகப் பதியவில்லை. அங்கே கிரீஸ் தடவ வேண்டும் என்பதே நான் அறியாதது. அந்தப் பொடி மணல் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவில் உப்புத்தாள் வேலை பார்த்திருக்கிறது.

ஹெட்டைக் கழற்றியதும் முதலில் பிஸ்டன் தலையைப் பார்த்தோம். வால்வு இடித்த தடம் இல்லை. அதிக ஆர்பிஎம்மில் வால்வு நேரத்துக்கு மூடாமல் மிதந்து, பிஸ்டனில் இடித்து வளைந்த கேஸ் இது இல்லை என்று உறுதியானது. இன்டேக் போர்ட்டில் பெட்ரோல் ஊற்றினால் இடது, நடு வால்வுகளின் ஓரமாகச் சொட்டியது. விளிம்பில் விரல் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம். சிலிண்டரிலும் நெடுக்காகக் கீறல்கள் இருந்ததால் ரிங்கும் மாற்ற வேண்டியதாயிற்று.

டைட்டானியம் வால்வை பேஸ்ட் போட்டு அரைத்து உட்கார வைக்கக் கூடாது, பூச்சு போய்விடும். தேய்ந்த சீட்டில் புது வால்வைப் போட்டாலும் சீக்கிரமே பழைய கதைதான். சீட்டைப் புதிதாக வெட்டி, இன்டேக் மூன்றையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றினேன். ஸ்டீல் கனம் என்பதால் அதற்கேற்ற விறைப்பான ஸ்பிரிங்கும் சேர்த்துத்தான் போட வேண்டும். உச்ச வேகத்தில் பழைய துள்ளல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ரேஸ் ஓட்டுபவர் யோசிக்கலாம், எனக்குப் பரவாயில்லை.

ஏர் பாக்ஸ் மூடி திரும்ப வந்துவிட்டது, அதோடு ஜெட்டும் ஒரு எண் இறங்கியது. ஒவ்வொரு மணல் ஓட்டத்துக்குப் பிறகும் ஃபில்டரைக் கழுவி எண்ணெய் போடுகிறேன், விளிம்பில் கிரீஸ் தடவுகிறேன். மூன்றாவது சீசன் முடிந்து போன மாதம் அளந்தேன். இன்டேக் மூன்றும் ஹெட் வேலை முடிந்த அன்று இருந்த அளவிலேயே நிற்கின்றன. கசிவு 6 சதவீதம். டேப்பட் சத்தம் லேசாகக் கேட்கிறது.