தகரக் கொட்டகையில் லித்தியம் பேட்டரி: ஒரு தச்சுப் பட்டறையின் அனுபவம்

பல்லடம் பக்கம் எங்கள் பட்டறை. மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், கதவு மாட்டுவது என்று திருப்பூர், சூலூர், காங்கேயம் வரை சைட் வேலை. ஒயர் மெஷின்களை ஓரங்கட்டிவிட்டு 18 வோல்ட் பேட்டரி மெஷின்களுக்கு மாறிப் பல வருஷம் ஆகிறது. டிரில், இம்பேக்ட் டிரைவர், கிரைண்டர், சின்ன வட்ட ரம்பம், நான்கும் மக்கீட்டா கம்பெனி. மெஷினைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது பாட்டுக்கு உழைக்கிறது. காசு கரைவது பேட்டரியில்தான். அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

5 ஆம்பியர்-ஹவர் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) பேட்டரிக்குள் வழக்கமாக 18 மி.மீ. தடிமன், 65 மி.மீ. நீளத்தில் பத்து லித்தியம் செல்கள் இருக்கும். இரண்டிரண்டாகச் சேர்த்து ஐந்து ஜோடி. ஜோடிக்கு 3.6 வோல்ட், மொத்தம் 18. சில கம்பெனிகள் ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்று போடுவதும் இதே ஐந்து ஜோடிதான், முழு சார்ஜில் இருக்கும் அளவை எழுதுகிறார்கள். "இது ரெண்டு வோல்ட் ஜாஸ்திங்க" என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு விலையைக் கேளுங்கள்.

நம் ஊரில் இந்தச் செல்களைத் தின்பது சூடு. சார்ஜ் போடும் இடம் 10 முதல் 40 டிகிரிக்குள் இருக்க வேண்டும், 50 டிகிரியை எட்டும் இடத்தில் பேட்டரியை வைக்கவே கூடாது என்று மக்கீட்டா கையேட்டிலேயே இருக்கிறது. கோடையில் கரூர் பரமத்தியும் ஈரோடும் 40-ஐத் தாண்டுவதை டிவியில் பார்க்கிறோம். அது நிழலில் எடுத்த அளவு. தகரக் கொட்டகையின் அட்டாலியிலும், கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய வண்டிக்குள்ளும் என்ன சூடு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முழு சார்ஜோடு சூட்டில் கிடக்கும் லித்தியம் செல்தான் சீக்கிரம் கிழடு தட்டும். சைட்டுக்குப் போனால் முதலில் பேட்டரிப் பெட்டியைத்தான் இறக்கி, வீட்டுக்குள் தரையில் வைக்கிறோம்.

கிரைண்டரில் இருந்து கழற்றிய பேட்டரியைப் புறங்கையில் வைத்தால் சுள்ளென்று இருக்கும். அதை அப்படியே சார்ஜரில் செருகினால் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியும், உள்ளே விசிறி மட்டும் உய்ய்ய் என்று ஓடும். புதிதாகச் சேர்ந்த தம்பி, "அண்ணா, சார்ஜர் போயிருச்சுங்க" என்பான். ஒன்றும் போகவில்லை. பேட்டரி ஆறட்டும் என்று சார்ஜர் காத்திருக்கிறது. சிவப்பும் பச்சையும் மாறி மாறி மின்னினால்தான் கோளாறு. நாங்கள் சார்ஜருக்கு அந்த வேலையும் வைப்பதில்லை. கழற்றியதும் நிழலில் வைத்துவிட்டு, டீ குடித்து வந்தபின் போடுகிறோம். வேகச் சார்ஜர் 5 ஆம்பியர்-ஹவர் பேட்டரியை 45 நிமிஷத்தில் ஏற்றிவிட்டு ஒரு மெட்டு வேறு பாடும். அவசரமில்லாத நாளில் நான் மெதுவான சார்ஜரைத்தான் எடுப்பேன். விடியக்காலைக் குளிரில் போட்டால் வேலை தொடங்குவதற்குள் ஏறிவிடும். ஆளில்லாத ராத்திரியில் போட்டுவிட்டுப் பூட்டிப் போவதில்லை.

போடும் இடமும் முக்கியம். தச்சுப் பட்டறை என்றால் மரத்தூள், பக்கத்தில் தறி ஓடினால் பஞ்சு. இரண்டும் சார்ஜரின் காற்றுத் துளையில் போய் அடையும், இரண்டுமே பற்றிக்கொள்ளும் சாமான். முன்னறையில் செங்கல் சுவரோரம், கிச்சன் வேலையில் மிச்சமான கிரானைட் துண்டைப் போட்டு அதன்மேல் சார்ஜர்களை வைத்திருக்கிறோம். சுற்றி பிளைவுட் கிடையாது, தின்னர் டின் கிடையாது. மில்லிலோ தறிக்கூடத்திலோ வேலை நடந்தால், உள்ளே சார்ஜ் போடவே விடுவதில்லை. ஜெனரேட்டர் கரண்டிலும் போடக்கூடாது என்று கையேடு சொல்கிறது, ஆகவே கரண்ட் கட் அன்றைக்கு ஏற்கெனவே ஏற்றிய பேட்டரியில்தான் வேலை. கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்கிவிடுவோம். திரும்பி வரும்போது லைன் எப்படி எகிறும் என்று யாருக்குத் தெரியும்?

பொங்கலுக்கு ஆட்கள் ஊருக்குப் போகும் சமயம் மாதிரி, கொஞ்ச நாள் சும்மா கிடக்கும் பேட்டரியை, அதன்மேல் சார்ஜ் காட்டும் நான்கு விளக்கில் இரண்டு, மூன்று எரியும் அளவில், மெஷினிலிருந்து கழற்றி, மஞ்சள் மூடி போட்டு வைக்கிறோம். ஸ்க்ரூ, ஆணி கிடக்கும் பைக்குள் மூடியில்லாத பேட்டரி போகக்கூடாது. பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் மச்சான், "மருந்தடிக்கிற மெஷினுக்கு ஃபுல்லா ஏத்தி வைக்கச் சொன்னாங்களே மாப்ளே" என்று கேட்டார். அவருடையது 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி. அதைக் குறைவான சார்ஜில் விட்டால் தகட்டில் சல்பேட் படிந்து போய்விடும், முழுக்க ஏற்றித்தான் வைக்கணும். லித்தியத்துக்குப் பாதி போதும். எந்த ரகம் என்று ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

அப்புறம் இந்த ‘கம்பாட்டிபிள்’ பேட்டரி, அதாவது நம் மெஷினுக்குப் பொருந்தும் என்று வேறு ஆட்கள் செய்து விற்பது. பாதி விலை என்று பக்கத்துப் பட்டறைக்காரர் வாங்கினார். விளக்கு நான்கும் எரியும், ரம்பத்தைப் பலகையில் இறக்கினால் நின்றுவிடும். பிரித்து மீட்டர் வைத்தபோது ஒரு ஜோடி மட்டும் மற்றவற்றைவிட நன்றாகக் கீழே கிடந்தது. எல்லா ஜோடியையும் தனித்தனியாகக் கவனிக்கும் சர்க்யூட் மலிவுச் சரக்கில் பலதில் இருக்காது. இன்னொன்று, செத்த பேட்டரியை நல்ல பேட்டரியோடு ஒயர் கோத்து உசுப்பும் வீடியோக்கள். தயவுசெய்து வேண்டாம். அடிமட்டத்துக்கு இறங்கிக் கிடந்த செல்லுக்குள் செம்பு கரைந்திருக்கும். மறுபடி ஏற்றும்போது அது படிந்து உள்ளேயே ஷார்ட் ஆக வழியுண்டு.

புகை, உஸ் சத்தம், இனிப்பு மாதிரி ரசாயன வாடை என்று எது வந்தாலும் மெயினை அணைத்துவிட்டு ஆட்களை வெளியே அனுப்புங்கள், 101-க்குச் சொல்லுங்கள். மணல் பரவாமல் தடுக்கும், ஆனால் செல்லின் சூட்டை இறக்குவது தண்ணீர்தான், அதுவும் நிறைய. அணைந்த பிறகும் திரும்பப் பற்றும், உடனே தூக்கிக் குப்பையில் போடக்கூடாது.

பழைய பேட்டரிகளின் முனையில் டேப் ஒட்டி, தனி டப்பாவில் போட்டு, டீலரிடம் திருப்பித் தருகிறோம். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. டீலர் முதலில் முனகினார், இப்போது வாங்கிக்கொள்கிறார். பழைய இரும்புக் கடைக்காரர் கிலோவுக்கு ஏதோ தருகிறேன் என்கிறார், ஆனால் அவர் அதைச் சுத்தியலால் உடைப்பதைப் பார்த்த பிறகு கொடுக்க மனசு வரவில்லை.