டர்போ காருக்கு எக்ஸாஸ்ட் தேர்வு: பீன்யாவில் செய்த கேட்-பேக், ஆக்டேவியா விஆர்எஸ் காரில்

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சிறிய பட்டறையில், 304 ரகத் துருவேறா எஃகில் செய்து வாங்கிய கேட்-பேக் எக்ஸாஸ்ட்டை (மாசைக் குறைக்கும் கன்வெர்ட்டருக்குப் பின்னுள்ள புகைக்குழாய் அமைப்பை) என்னுடைய 2017 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் காரில் பொருத்தி, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் ஓட்டிய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். ரீங்காரத்தை அடக்கும் ரெசனேட்டரோடு, ஒழுங்காக அளவெடுத்துச் செய்த கேட்-பேக் செலவிடத் தகுந்தது என்பது என் முடிவு. ஆனால் குதிரைத்திறன் கூடும் என்பதற்காக மட்டும் அதை வாங்க நினைப்பவர்கள் பணத்தைக் கையிலேயே வைத்திருப்பது நல்லது.

இந்தக் காரில் இருப்பது 1,984 சிசி கொள்ளளவு கொண்ட, 230 பிஎஸ் திறனும் 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தரும் மூன்றாம் தலைமுறை ஈஏ888 எஞ்சின். இதில் சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு தனி உறுப்பாக இல்லாமல் சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டு, குளிர்நீரால் சூழப்பட்டிருக்கிறது. பழைய பெட்ரோல் கார்களில் எல்லோரும் முதலில் மாற்றும் ஹெடர் என்ற மாற்று மேனிஃபோல்டுக்கே இங்கே இடமில்லை. ஹெட்டை ஒட்டியே, புகையின் விசையால் டர்பைன் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ, அதை ஒட்டி கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடங்கிய டவுன்பைப், அதன் பின்னால் நடுக்குழாய், ரெசனேட்டர், கடைசியில் ஓசையைக் குறைக்கும் மஃப்ளர் என்பதுதான் வரிசை. கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ளதை மட்டும் மாற்றினால் அது கேட்-பேக். டர்போவின் வாயிலிருந்தே மாற்றினால் டர்போ-பேக். கடைக்காரர்கள் இரண்டையும் ‘ஃபுல் சிஸ்டம்’ என்று சொல்லி விலை கூறுவதுண்டு. எந்த ஃபிளாஞ்சிலிருந்து (குழாய்களை இணைக்கும் விளிம்பிலிருந்து) எதுவரை என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

புகைக்குக் குழாயில் கொஞ்சம் தடை, அதாவது பின்னழுத்தம், இருந்தால்தான் கீழ்வேகத்தில் இழுவை கிடைக்கும் என்ற நம்பிக்கை ஜேசி ரோட்டு உதிரிபாகக் கடைகளில் இன்னும் உறுதியாக இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சினில், குழாயின் விட்டமும் நீளமும் சரியாக அமைந்தால் ஒரு சிலிண்டரின் வெளியேற்ற அலை அடுத்த சிலிண்டரைக் காலி செய்ய உதவும். அந்த உண்மைதான் திரிந்து பின்னழுத்தத்தின் புகழாக மாறியிருக்கிறது. டர்போ எஞ்சினில் அதற்கு இடமே இல்லை. டர்பைனைச் சுழற்றுவது அதன் முன்னுள்ள அழுத்தத்துக்கும் பின்னுள்ள அழுத்தத்துக்கும் இடையிலான விகிதம். பின்னால் தடை குறையக் குறைய டர்பைன் சீக்கிரம் சுழன்று எழும்.

அப்படியானால் கேட்-பேக் மாற்றியவுடன் திறன் கூட வேண்டுமே என்று தோன்றும். பெரிதாகக் கூடுவதில்லை, அதற்குக் காரணம் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு. நாம் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் அளவை அது இவ்வளவு முறுக்குவிசை வேண்டும் என்ற கோரிக்கையாகப் படித்து, அதற்குத் தேவையான பூஸ்ட்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) மட்டும் உண்டாக்கும்படி, புகையை டர்பைனைச் சுற்றி வெளியே விடும் வேஸ்ட்கேட்டைத் திறந்து மூடுகிறது. தடை குறைந்தால் வேஸ்ட்கேட் இன்னும் சற்று அதிகமாகத் திறக்கும். சக்கரத்துக்கு வந்து சேரும் விசை முன்போலவே இருக்கும். என் காரை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் திறனை அளக்கும் ஒரே டைனோவில் ஏற்றிப் பார்த்ததில், தெரிந்த வேறுபாடு ஒரு ஓட்டத்துக்கும் மறு ஓட்டத்துக்கும் இடையே இயல்பாக வரும் வேறுபாட்டைத் தாண்டவில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், அதே பூஸ்ட்டுக்கு இங்கே டர்போ கூடுதலாக உழைக்க வேண்டியிருப்பது மெய்தான். ஆனால் அந்த உழைப்பைக் கணிசமாகக் குறைப்பது டவுன்பைப்பும் இசியு மென்பொருளை மாற்றியமைக்கும் ரீமேப்பும் சேர்ந்த மாற்றம். நான் எடுத்துக்கொண்டது அதுவல்ல.

நான் விரும்பியது வேறு. டர்பைன் வெளியேற்றத் துடிப்புகளின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்வதால் டர்போ கார்களின் குரல் இயல்பிலேயே அடங்கிப் போகிறது; அதன்மேல் தொழிற்சாலை மஃப்ளரும் சேர்ந்தால் இவ்வளவு நல்ல எஞ்சின் ஊமையாகவே ஓடுகிறது. எஞ்சின் எழுவதையும் டிஎஸ்ஜி என்ற தானியங்கி கியர்பெட்டி கியர் மாற்றுவதையும் காதால் அறிய வேண்டும், நெடுஞ்சாலையில் பக்கத்து இருக்கைக்காரரோடு இயல்பான குரலில் பேசவும் முடிய வேண்டும் என்பதே என் தேவை. பட்டறையை நடத்துபவர் ஓசூர்க்காரர், தமிழர். காரை லிஃப்ட்டில் ஏற்றும் முன்னரே, “சார், சத்தம் வேணுமா, ஓட்டம் வேணுமா, அத மொதல்ல சொல்லிடுங்க; ரெண்டுக்கும் வேற வேற வேல” என்றார். அந்த ஒரு கேள்விக்காகவே அங்கே வேலையைக் கொடுக்கத் துணிந்தேன். அதற்கு முன் விசாரித்த இடங்களில் எல்லாம் மூன்று அங்குலக் குழாயா, மூன்றரையா என்பதிலிருந்துதான் பேச்சு தொடங்கியது.

விட்டத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். இரண்டரை அங்குலக் குழாயைவிட மூன்று அங்குலக் குழாயின் குறுக்குப் பரப்பு 44 சதவீதம் கூடுதல். ரீமேப் செய்து, பெரிய டர்போவுக்குப் போகிறவர்களுக்கு அது தேவைப்படும். தொழிற்சாலை டியூனில் ஓடும் 230 பிஎஸ் காருக்கு இரண்டரை அங்குலம் போதும். மூன்று அங்குலம் போட்டால் தாழ்ந்த அதிர்வெண் முழக்கம் கூடும், பின்புற சஸ்பென்ஷனைத் தாண்டும் இடத்தில் குழாய் தரையை நோக்கி இறங்கும். நம் ஊர்ச் சந்துகளில் எந்த அளவுக்கும் கட்டுப்படாமல் எழுப்பியிருக்கும் வேகத்தடைகளை நினைத்தால், அந்த ஓரிரு சென்டிமீட்டர் முக்கியமானது.

பொருளின் தரத்தில்தான் வாங்குபவர் மிகவும் ஏமாற வாய்ப்பு இருக்கிறது. 304 என்பது ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்த எஃகு. காந்தம் ஒட்டாவிட்டால் அது 304 என்று பலர் நம்புகிறார்கள். தொழிற்சாலைக் குழாய்களில் பயன்படும் 409 ரகத்தில் காந்தம் ஒட்டும் என்பதால், அதைப் பிரித்தறிய மட்டுமே அந்தச் சோதனை உதவும். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்யும் 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. கைப்பிடிகளுக்கும் கேட்டுகளுக்கும் பயன்படும் அந்த மலிவான ரகம் எக்ஸாஸ்ட் வெப்பத்திலும் மழைச்சேற்றிலும் 304 அளவுக்குத் தாங்காது. குழாயோடு வரும் ஆலைச் சான்றிதழைக் கேட்டேன். பட்டறைக்காரர் தயங்காமல் காட்டினார், குழாயின் மேல் அச்சிட்டிருந்த ரகத்தையும் வார்ப்பு எண்ணையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க விட்டார். வளைவுகள் எல்லாம், உள்ளே தண்டைச் செருகி வளைக்கும் மாண்ட்ரல் முறையில் வளைக்கப்பட்டவை. விட்டம் எங்கும் நசுங்கவில்லை. வெல்டிங் முழுவதும் டிக் முறை. குழாயின் உட்புறத்திலும் ஆர்கானை நிரப்பி வெல்ட் செய்ததால், உள்ளே விளக்கடித்துப் பார்த்தபோது கருகிக் கட்டிதட்டிய மடிப்புகள் எதுவும் தென்படவில்லை. பாராட்டத் தகுந்த கைவேலை அது.

304க்கு ஒரு குணம் உண்டு: சூட்டில் அது சாதாரண எஃகையும் 409 ரகத்தையும்விட அதிகம் விரியும். மூன்று மீட்டர் நீளக் குழாய் 250 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் நீளும். குளிர்ந்திருக்கும்போது பம்பருக்கு நடுவில் அழகாக நிற்கும் முனை, நெடும்பயணத்துக்குப் பின் பிளாஸ்டிக்கைத் தொட்டு உருக்கிவிடும். எஞ்சின் குறுக்காக அமர்ந்து முன்னும் பின்னும் ஆடும் இந்தக் காரில், வளைந்துகொடுக்கும் ஃபிளெக்ஸ் குழாயும் சரியான இடத்தில் ரப்பர் தொங்கல்களும் இல்லாவிட்டால் வெல்டிங் விரிசல் விடும். என் குழாயில் தொங்கல்கள் தொழிற்சாலை இடங்களிலேயே அமைந்திருக்கின்றன. குறை வால்முனையில் இருந்தது: இடதுபுற முனை வலதைவிடச் சற்றுத் தாழ்ந்து, பம்பரை நெருங்கியும் நின்றது. முதல் சில வாரங்களில் ஒரு கிளாம்ப்பும் தளர்ந்து, குளிர்ந்த எஞ்சினை எழுப்பும்போது டிக்டிக்கென்ற கசிவு ஓசை வந்தது. இரண்டையும் கட்டணமின்றிச் சரிசெய்தார்கள்; ஆனாலும் காரை ஒப்படைக்கும் முன் ஒருமுறை நன்றாகச் சூடேற்றிப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

இனி, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம்: ட்ரோன் எனப்படும் அந்த இடைவிடாத ரீங்காரம். பட்டறை வாசலில் ரெவ் செய்து கேட்டு எக்ஸாஸ்ட்டைத் தேர்வு செய்பவர்களுக்கு இது தெரியவே வராது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு எரிப்புகள். 2,400 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 80. நெடுஞ்சாலையில் நிதானமாக ஓடும்போது எஞ்சின் நிற்கும் வட்டாரம் அதுதான், மூடிய கார் அறை கூடவே அதிரத் தொடங்கும் வட்டாரமும் ஏறத்தாழ அதுதான். ஒலிமானியில் பெரிதாகத் தெரியாது. இரண்டு மணி நேரத்தில் தலைவலி தெரியும். இதைத் தடுக்க நடுக்குழாயில் ரெசனேட்டர் வைப்பதோடு, ஒரு முனை அடைத்த கிளைக்குழாய் ஒன்றைப் பக்கவாட்டில் இணைப்பதும் உண்டு. அதன் நீளம் அடக்க வேண்டிய அலையின் கால் பங்காக இருந்தால், உள்ளே போய்த் திரும்பும் அலை எதிர்க்கட்டத்தில் வந்து மூல அலையைக் கரைக்கும். 80 ஹெர்ட்ஸுக்கு அந்தக் குழாய் ஒரு மீட்டருக்கும் மேல் நீளமாக இருக்க வேண்டும். என் காரில் அதை ஸ்டெப்னிக் குழியை ஒட்டி வளைத்து அடக்கியிருக்கிறார்கள்.

பலன் எப்படி? எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம், ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாகச் சேலத்துக்குப் போகும் பாதையில், 80 முதல் 100 கி.மீ. வேகத்தில் அறை அமைதியாக இருக்கிறது. பின்னிருக்கையில் வந்த அம்மா வழக்கம்போல் கிருஷ்ணகிரிக்குள் தூங்கிவிட்டார். என் மதிப்பீட்டில் இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. திரும்பும்போது தொப்பூர்க் கணவாயின் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் அழுத்தினால், 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் கனமான, சுத்தமான குரல் எழுகிறது. அதில் தகர ஓசை இல்லை. 1,700 ஆர்பிஎம் அருகே அதிக கியரில் இழுக்கும்போது மட்டும் ஒரு முனகல் மிச்சமிருக்கிறது.

இறக்குமதிப் பொருள்களையும் பார்த்தேன். பிரிட்டனின் மில்டெக் ரெசனேட்டர் உள்ளதையும் இல்லாததையும் தனித்தனியாக விற்கிறது. இந்த அளவு வெளிப்படைத்தன்மை எல்லா நிறுவனங்களிலும் இருக்க வேண்டும். ஆஸ்திரியாவின் ரீமஸ், ஸ்லோவேனியாவின் அக்ரபோவிச் ஆகியவை பல கார்களுக்கு ஐரோப்பிய ஒப்புதல் பெற்ற அமைப்புகளைத் தருகின்றன. அக்ரபோவிச்சின் டைட்டானியம் வேலைப்பாடு வேறு தரம். ஆனால் கப்பல் செலவும் சுங்கமும் சேர்ந்தால் எனக்கு ஆன செலவின் இரு மடங்கைத் தாண்டியது. காரை நீண்ட நாள் வைத்திருக்கப் போகிறவர், பொருத்தத்தில் குறையே கூடாது என்பவர் மட்டும் அதை யோசிக்கலாம்.

கன்வெர்ட்டரை நீக்கச் சொல்லும் ஆலோசனையை மட்டும் யாரும் ஏற்க வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். அதிலுள்ள பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகியவைதான் கார்பன் மோனாக்ஸைடையும் எரியாத எரிபொருளையும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளையும் நம் தெருக்களுக்கு வராமல் மாற்றுகின்றன. நீக்கினால் பின்புற ஆக்ஸிஜன் சென்சார் அதைக் கண்டு செக் எஞ்சின் விளக்கை எரியவிடும். அதை மென்பொருளால் அணைப்பது நோயை விட்டுவிட்டு வெப்பமானியை உடைப்பதற்குச் சமம். சட்டமும் கடுமையானது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு காரின் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப் பின், 182ஏ பிரிவின்படி அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். ஒலி, மாசு விதிகளை மீறினால் 190ஆம் பிரிவின்படி முதல் முறையே 10,000 ரூபாய் வரை போகும். கன்வெர்ட்டரைத் தொடாத, ஒலி அடங்கிய கேட்-பேக்கும் இந்தச் சட்டத்தின் பார்வைக்கு வெளியே நிற்பதல்ல. காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லிவிடுவதும், இரவு 10 மணிக்குமேல் குடியிருப்புத் தெருக்களில் ஆக்ஸிலரேட்டரை மென்மையாக மிதிப்பதும் நம் பொறுப்பு.

பட்டறையில் கழற்றிய தொழிற்சாலைக் குழாயைப் பழைய இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்வார்கள். கொடுக்காமல், ஃபிளாஞ்சுகளுக்கு எண்ணெய் தடவி, வீட்டில் பத்திரப்படுத்த வேண்டும். மஃப்ளருக்குள் அடைக்கும் கண்ணாடி இழை சில ஆண்டுகளில் எரிந்து குறைந்து ஓசை மாறும் என்பதால், அதைத் திறந்து மீண்டும் அடைத்துத் தருவார்களா என்பதையும் விலை பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு ஒருமுறை இலவசமாகச் செய்து தருவதாக ரசீதிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.