லைன் வாய் திறந்து பேசிய காலம்: எக்ஸ்.25, ஐ.எஸ்.டி.என்., பிரேம் ரிலே

கிளை அலுவலகங்களை மையக் கணினியோடு இணைத்து வைப்பது பல வருடம் என் வேலை. எக்ஸ்.25, ஐ.எஸ்.டி.என்., பிரேம் ரிலே என்று அதற்கிருந்த மூன்று பழைய தரவு இணைப்பு முறைகளையும் மாறி மாறிக் கட்டி மேய்த்திருக்கிறேன். வேகத்துக்கு மதிப்பெண் போடப் போவதில்லை, அதில் மூன்றுமே நத்தைதான். இணைப்பு அறுந்தால் ஏன் அறுந்தது என்று லைன் சொல்கிறதா? ராத்திரி ரவுட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு அது ஒன்றுதான் கணக்கு.

எக்ஸ்.25 இதில் நல்ல பிள்ளை. 1976ல் தரமாக வந்தது. அழைப்பு மறுக்கப்பட்டால், அழைப்பை முடித்துவிட்டதாகத் திரும்பி வரும் கிளியர் பாக்கெட்டில் காரண எண் ஒன்றும் டயக்னாஸ்டிக் எண் ஒன்றும் இருக்கும். எதிர்முனை பிஸியா, நெட்வொர்க்கில் நெரிசலா, நாம்தான் விதியை மீறினோமா என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். அப்படியும் ஒரு முறை இரண்டு நாள் திண்டாடினேன். உள்ளே வரும் அழைப்புகள் சுத்தமாக வந்தன. வெளியே போவது ஒன்றுகூட எடுபடவில்லை. ஒரே லைனுக்குள் அழைப்புக்கு ஒன்றாக ஒதுக்கும் எண்ணிட்ட பாதைகள்தான் லாஜிக்கல் சேனல்கள்; நம் பக்கத்துக் கருவி அவற்றை மேலிருந்து கீழே எடுக்கும், நெட்வொர்க் கீழிருந்து மேலே எடுக்கும். நான் 16 வரை போட்டிருந்தேன், அவர்கள் கொடுத்திருந்ததோ 8. வருவது 1லிருந்து தொடங்கியதால் பிழைத்தது. போவது 16லேயே முட்டிக்கொண்டது. டயக்னாஸ்டிக் எண்ணை முதல் நாளே படித்திருந்தால் ஒரு மணி நேர வேலை.

இதன் குறை, அளவுக்கு மீறிய ஜாக்கிரதை. பாக்கெட் 128 பைட், விண்டோ 2 என்பதுதான் வழக்கமான அமைப்பு. அதாவது 256 பைட் அனுப்பிவிட்டு ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். போய்வர அரை வினாடிக்கு மேல் பிடிக்கும் செயற்கைக்கோள் லைனில் 64 கிலோபிட் வாங்கி வைத்தாலும் 4 கிலோபிட் தேறுவதே பாடு.

ஐ.எஸ்.டி.என்.தான் எனக்குப் பிடித்தது. தரவுக்கு 64 கிலோபிட்டில் இரண்டு பி சேனல், சமிக்ஞைக்கென்று தனியாக 16 கிலோபிட்டில் ஒரு டி சேனல். பேச்சு வேறு, போக்குவரத்து வேறு. ரவுட்டரில் டீபக்கை (நடப்பதை வரிவரியாகக் காட்டும் வசதி) போட்டுவிட்டால், அழைப்பைத் தொடங்கும் செட்டப் செய்தி போவதும் எடுத்ததைச் சொல்லும் கனெக்ட் வருவதும் கண்முன்னே ஓடும். அழைப்பு முடிந்தால் காரண எண் வரும்: 17 என்றால் பிஸி, 34 என்றால் சேனல் காலியில்லை, 16 என்றால் ஒழுங்காக வைத்துவிட்டார்கள். எக்ஸ்சேஞ்ச் நம் கருவிக்குக் கொடுக்கும் அடையாளமான டி.ஈ.ஐ. எண்ணே கிடைக்கவில்லை என்றால் அழைப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், எக்ஸ்சேஞ்ச் வரை போகும் ஒயரைப் பார்க்கலாம்.

ஆனால் பில்! தேவைப்படும்போது மட்டும் டயல் ஆகும்படி அமைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். கிளையில் இருந்த ஒரு கணினி, யாரும் கேட்காமலே சில நிமிடங்களுக்கு ஒருமுறை "யாராவது இருக்கிறீர்களா" என்று பிராட்காஸ்ட் போட்டுக்கொண்டிருந்தது. அதையும் வேலை என்று நம்பி ரவுட்டர் ஒவ்வொரு முறையும் லைனைத் தூக்கியது. மாதக் கடைசியில் கணக்கர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. இன்னொரு கிளையில், அழைப்பது நம் ரவுட்டர்தானா என்று பார்க்கும் சாப் (CHAP) சரிபார்ப்புக்கான பெயரில் ஒரு எழுத்து பெரிதும் சிறிதுமாக மாறியிருந்தது. சரிபார்ப்பு நடப்பது அழைப்பு எடுக்கப்பட்ட பிறகு. ஆகவே உள்ளே விடாமல் துரத்திய ஒவ்வொரு தடவைக்கும் காசு போனது.

பிரேம் ரிலே வந்ததும் டயல் தொல்லை ஒழிந்தது. நிரந்தரச் சுற்று, அதை அடையாளம் காட்ட ஒரு டி.எல்.சி.ஐ. எண், முடிந்தது. 10 வினாடிக்கு ஒருமுறை எல்.எம்.ஐ. (ரவுட்டரும் சுவிட்சும் லைன் நிலவரம் பேசிக்கொள்ளும் முறை) நலம் விசாரிக்கும், வழக்கமாக ஆறாவது முறை எல்லாச் சுற்றுகளின் நிலவரமும் வரும். மூன்று வகை எல்.எம்.ஐ. உண்டு. ஒன்று 1023 என்ற டி.எல்.சி.ஐ.யிலும் மற்ற இரண்டும் 0விலும் பேசும், வகை பொருந்தாவிட்டால் லைன் எழாது. இதெல்லாம் பழகிவிடும்.

பழகாதது அதன் பாதி உண்மை. எல்.எம்.ஐ. பேசுவது பக்கத்து சுவிட்சோடு மட்டும். நடுவில் இரண்டு நெட்வொர்க்குகள் கைகோக்கும் இடத்தில் நிலவரம் சரியாகக் கடத்தப்படவில்லை என்றால், எதிர்முனை செத்துக் கிடக்கும்போதும் நம் திரையில் 'ஆக்டிவ்' என்றுதான் நிற்கும். சேவை கொடுத்தவர்களும் அதையே காட்டி "எங்கள் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது" என்றார்கள். கடைசியில் இருமுனைக்கும் இடையே நாங்களே கீப்அலைவ் (உயிரோடு இருக்கிறாயா என்று அடிக்கடி கேட்கும் செய்தி) ஓட்டினோம். நெரிசலுக்கும் அதே கதை: நெரிசல் என்று எச்சரிக்கும் பெகன் (BECN) பிட் வந்து சொல்லும், கேட்டு வேகத்தைக் குறைக்க வேண்டிய ரவுட்டரோ தனியாக அமைத்தால் ஒழியக் காதில் போட்டுக்கொள்ளாது.

அடுத்து வந்த ஏ.டி.எம்.மில் (பணம் எடுக்கும் இயந்திரம் அல்ல, தரவைச் சிறு செல்களாக வெட்டி அனுப்பும் முறை) அதிக நாள் இருக்கவில்லை. 53 பைட் செல்லில் 5 பைட் தலைப்புக்கே போவது எனக்குக் கடைசிவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஐ.எஸ்.டி.என். காரண எண்களின் தாள் ஒன்று இருந்தது. லைன்களைக் கழற்றிய பிறகும் அதை எடுக்கவில்லை. இப்போது இணையவழித் தொலைபேசியில் அழைப்பைத் தொடங்கி முடிக்கும் சிப் (SIP) நெறிமுறையின் பதிவுகளைப் பார்த்தால், அழைப்பு முடிந்த இடத்தில் அதே 16, அதே 17, அதே 34.