கைமாத்தாகக் கொடுத்த பணத்தை எப்படிக் கேட்பது? ஜாடை, தூது, வாட்ஸ்அப், நேர்ப்பேச்சு

பெட்டிக்கடைகளில் 'கடன் அன்பை முறிக்கும்' என்று ஒரு போர்டு தொங்கும். கடன் கொடுத்ததால் எனக்கு யாரோடும் அன்பு முறிந்ததில்லை. திருப்பிக் கேட்ட விதத்தால் இரண்டு பேரை இழந்திருக்கிறேன். வட்டியில்லாமல், பத்திரமில்லாமல், உறவிலும் நட்பிலும் கொடுக்கிற சின்னக் கைமாத்தைத் திருப்பிக் கேட்க நம் ஊரில் இருக்கும் வழிகளை எடைபோட்டுப் பார்க்கலாம்.

நாம் முதலில் எடுப்பது ஜாடை வழிதான். "இந்த மாசம் கை ரொம்ப இறுக்கமா இருக்குப்பா" என்று காற்றில் விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்ப்போம். மரியாதை கெடாது என்று நினைக்கிறோம். உடன் வேலை பார்த்த ஒருவர் என்னிடம் 15,000 ரூபாய் வாங்கியிருந்தார். ஆறு மாதம் டீக்கடையில் நின்று இப்படியே பேசினேன். ஏழாவது மாதம் அவர் டீ குடிக்க வருவதை நிறுத்திவிட்டார். ஜாடை அவருக்குப் புரியாமல் இல்லை, நன்றாகவே புரிந்திருக்கிறது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல இடமில்லை. நான் கேட்காத ஒன்றுக்கு அவர் எப்படித் தவணை சொல்வார்? தினமும் குத்து வாங்குவதைவிட வராமல் இருப்பதே மேல் என்று முடிவு செய்துவிட்டார். தவறு என்னுடையது.

தூது இதைவிடக் கொஞ்சம் சிக்கல். "நான் கேட்டதா சொல்லாம நீங்களே கேக்கற மாதிரி கேளுங்க சித்தப்பா" என்று அனுப்பினால், இரண்டு பேருக்குள் இருந்த விஷயம் மூன்றாவது ஆளிடம் போய்விடுகிறது. வாங்கியவருக்குப் பணத்தைவிட அதுதான் வலிக்கும். நான் இழந்த இரண்டாவது ஆள் இப்படிப் போனவர்தான். தூது பொருந்தும் இடம் ஒன்று உண்டு: கொடுக்கும்போதே கூட இருந்தவர், 'நான் ஜவாப்' என்று நின்றவர் கேட்கலாம். அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. வேறு யாருக்கும் இல்லை.

காரணம் சொல்லிக் கேட்பது பலருக்கு வசதியான வழி. "பொண்ணுக்குக் காலேஜ் பீஸ் கட்டணும், அதான்..." என்று இழுப்பது. ஜாடையைவிட இது நல்லது, கேள்வி என்றாவது தெரிகிறது. ஆனால் காரணம் சொன்னதுமே அவர் தன் கஷ்டத்தையும் நம் கஷ்டத்தையும் தராசில் வைப்பார். அவர் வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு இருந்தால் நம் பீஸ் தோற்றுவிடும். இன்னொன்றும் நடக்கும். பீஸ் கட்டும் தேதி தாண்டியதும் "எப்படியோ கட்டிட்டீங்களே, நல்லதாப் போச்சு" என்பார். கேட்ட காரணம் தீர்ந்ததும் கேட்கும் உரிமையும் தீர்ந்தது போல ஆகிவிடும். அதுவும் பொய்க் காரணமாக இருந்து, அடுத்த வாரம் புது ஃபிரிட்ஜ் இறங்குவதை அவர் பார்த்துவிட்டால், அப்புறம் அந்த முகத்தில் விழிக்க முடியாது.

வாட்ஸ்அப்பில் கேட்டால் முகம் பார்க்க வேண்டாம். அதுவே அதன் குறையும். நீலக் குறி விழுந்து பதில் வராத மூன்று நாளில், நாம் மனதுக்குள் அவரை ஏமாற்றுக்காரர் ஆக்கிவிடுவோம். அவர் அங்கே என்ன எழுதுவது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருப்பார். சிலர் பணம் அனுப்பும் செயலியிலேயே தொகையைப் போட்டு, கோரிக்கை அனுப்பிக் கேட்டார்கள். மோசடிகளுக்கு அது வழியானதால், யூபிஐயில் தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் அப்படிக் கேட்கும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. சொந்த அண்ணன் முறை உள்ளவருக்கு ஒரு வார்த்தை பேசாமல் பில் நீட்டுவது போலத்தான் அது இருந்தது.

இத்தனைக்கும் பிறகு நான் வந்து சேர்ந்தது நேர்ப்பேச்சுக்குத்தான். நேரில் பார்த்து, முடியாவிட்டால் போனில், தனியாக இருக்கும்போது, சுற்றி வளைக்காமல் கேட்பது. முதலில் நாக்கு எழவில்லை. இப்போது நான் சொல்வது இப்படி:

"அண்ணே, பங்குனியில வாங்கின அந்த இருபதாயிரத்தைப் பத்திப் பேசணும். ஒரே தடவையா முடியலன்னாலும் பரவாயில்ல. மாசம் எவ்வளவு தோதுப்படும்னு நீங்களே சொல்லுங்க."

"எப்போ தர்றீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், "சீக்கிரம்" என்று பதில் வரும். "எவ்வளவு முடியும்?" என்று கேட்டால் ஒரு தொகை வரும். அந்தத் தொகையை அவரே சொன்னதால் அவர் மரியாதையும் நிற்கும். இருபதாயிரத்துக்காக ஒளிந்து திரிந்த ஒருவர், மாதம் 2,000 என்று தானே சொல்லி, பத்து மாதத்தில் முடித்தார். இன்றும் பொங்கலுக்கு வீட்டுக்கு வருகிறார். பேசி முடித்தபின் "பேசினபடி மாசம் 2,000, அஞ்சாம் தேதி. ரொம்ப நன்றிண்ணே" என்று ஒரு வாட்ஸ்அப் அனுப்பிவிடுவேன். பேச்சைத் தொடங்க உதவாத அந்த மெசேஜ், முடித்துவைக்க நன்றாக உதவுகிறது.

நேரமும் முக்கியம். சம்பளம் வந்த முதல் பத்து நாள் நல்லது. வெள்ளிக்கிழமையும், விளக்கு வைத்த பிறகும் பல வீடுகளில் பணத்தை வெளியே கொடுக்க மாட்டார்கள். நமக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் அந்த நேரத்தில் கேட்காமல் இருப்பது நாகரிகம். கல்யாண வீட்டிலும், மனைவி மக்கள் முன்னாலும் கூடவே கூடாது. பெரியவராக, மாமா முறையாக இருந்தால் நேர்ப்பேச்சு கொஞ்சம் கஷ்டம்தான். அங்கே கடன் விஷயம் அத்தைக்குத் தெரியும் என்று உறுதியானால் மட்டும் அத்தையிடம் பேசலாம். தெரியாது என்றால் மாமாவிடமேதான் பேச வேண்டும்.

முகதாட்சண்யத்தால் தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒரு சட்ட விஷயமும் சொல்ல வேண்டும். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, திருப்பித் தரும் தேதி பேசாமல் கொடுத்த கைமாத்துக்கு, கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கும், எழுதிய தேதியிலிருந்து அதே 3 ஆண்டுதான். அதற்குள் ஒரு பகுதி வரவாகி, புரோநோட்டின் பின்பக்கம் கடன் வாங்கியவரே எழுதிக் கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து மறுபடி 3 ஆண்டு. பெரிய தொகை என்றால் புரோநோட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஐயாயிரத்துக்கு வேண்டாம், அது உறவைக் கெடுக்கும்.

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாதத்தில் மொய்விருந்து, அதாவது மொய் வாங்குவதற்காகவே ஒரு விருந்து, வைப்பார்கள். பத்திரிகை வந்துவிட்டால் போதும், முன்பு வாங்கிய மொய்யை நோட்டில் பார்த்து, கூடவே கொஞ்சம் சேர்த்துச் செய்துவிடுவார்கள். யாரும் யாரிடமும் வாய் திறந்து கேட்பதில்லை. எப்படித் திருப்புவது என்பது வாங்கும்போதே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கைமாத்துக்கு அப்படி ஒரு வழக்கம் இல்லை. அதனால் இப்போதெல்லாம் பணத்தைக் கையில் கொடுக்கும்போதே, "எந்த மாசம் தோதுப்படும்?" என்று மெதுவாகக் கேட்டுவிடுகிறேன். அந்த நேரத்தில் யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. பிறகு கேட்கும்போதும் "ஆவணின்னு சொன்னீங்களே" என்று தொடங்க முடிகிறது.

கேட்காமல் விட்டுவிடுவதும் ஒரு வழிதான். அவருக்கு நிஜமாகவே முடியாது என்று தெரிந்தால் நான் அதையே செய்வேன். ஆனால் மனதுக்குள் விட்டுவிட்டால் அவருக்கு அது தெரியாது, நம்மைக் கண்டதும் தெரு மாறிப் போவார். எங்கள் வீட்டில் வேலை செய்த அக்கா, கணவர் இறந்த பிறகு 5,000 ரூபாய்க் கடனுக்காக வேலைக்கே வராமல் இருந்தார். அவர் வீட்டுக்குப் போய், "அந்தப் பணத்தை நான் மறந்தாச்சுக்கா, நீங்களும் மறந்துடுங்க. திங்கக்கிழமை வாங்க" என்று வாய்விட்டுச் சொன்னேன். திங்கட்கிழமை காலை ஆறரைக்கு வந்து வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்.