பெங்களூரில் நீளமான செயின்சா பார்: எஸ்.ஜே.பி. ரோடு முதல் மைசூர் ரோடு வரை தேடிய அனுபவம்

மாகடி ரோட்டுக்கு உட்புறம் எனக்கு ஒரு சிறு பட்டறை இருக்கிறது. காற்றில் சாய்ந்த மரங்களையும், உரிய அனுமதியோடு வெட்டப்பட்ட மரங்களையும் வாங்கிப் பலகையாக அறுத்து, மேசையும் பெஞ்சும் செய்து விற்பது என் தொழில். இந்தக் கோடைமழையில் ஒரு குடியிருப்பு வளாகத்தில் விழுந்த தூங்குமூஞ்சி மரத்தின் அடிக்கட்டை என் கைக்கு வந்தது. 1976-ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியிடம் பெற வேண்டிய கடிதத்தை வளாகத்தினரே வாங்கி வைத்திருந்தார்கள். கட்டையின் நீளம் 8 அடி, குறுக்களவு 28 அங்குலம். அந்த எடையைச் சந்துக்குள்ளிருந்து தூக்கி அறுவை மில்லுக்குக் கொண்டுபோகக் கிரேன் நுழைய வழியில்லை என்பதால், கிடந்த இடத்திலேயே பலகையாக்க வேண்டியிருந்தது. என்னிடம் இருந்தது ஸ்டில் எம்எஸ் 382, அதாவது 72 சிசி எஞ்சின் கொண்ட செயின்சா, மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம். பற்கள் கொண்ட செயின் சுற்றி ஓடும் நீளமான தகட்டைத்தான் பார் என்கிறோம். அதில் மாட்டியிருந்ததோ 20 அங்குலப் பார். ஆகவே நீளமான பார் ஒன்றைத் தேடி மூன்று வாரம் கடை கடையாக ஏறி இறங்கினேன். அந்தக் கடைகளைப் பற்றிய என் மதிப்பீடு இது.

முதலில் போனது, எல்லோரையும் போல, எஸ்.ஜே.பி. ரோட்டுக்கு. டவுன் ஹால் பக்கம் இறங்கி நடந்தால் பம்பு, மோட்டார், டிரில் என்று எந்தக் கருவிக்கும் அங்கே கடை உண்டு. பாதிக் கடைகளில் தமிழிலேயே பேசி வாங்கிவிடலாம். செயின்சா தொங்கும் கடைகளாகப் பார்த்து ஒரே நாளில் ஏழில் ஏறினேன். எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே சரக்கு: கிளை கழிக்கும் சிறு மெஷின்களுக்கான 16, 18 அங்குலப் பார்களும், சீனத்திலிருந்து வரும் 58 சிசி மெஷின்களுக்கான 22 அங்குலப் பாரும்தான். அதற்கு மேல் கேட்டால், "இருபத்திரண்டுக்கு மேலே இங்கே யாரும் கேக்கறதில்லை சார்" என்ற பதில் வந்தது. அதில் உண்மை இருக்கிறது. மழைக்காலத்தில் வயரின்மேல் விழுந்த கிளையை வெட்டுகிறவருக்கு 18 அங்குலமே போதும். நகரத்தில் விற்பனையாவது பெரும்பாலும் அந்த வேலைக்குத்தான். விற்காத பாரை ஆணியில் தொங்கவிட்டு வட்டி கட்ட எந்தக் கடைக்காரருக்கும் மனம் வராது.

அந்த 22 அங்குலப் பார் பார்வைக்கு என் மெஷினுக்கு ஏற்றதாகத் தோன்றலாம்; விலையும் குறைவு. ஆனால் அது 0.325 பிட்ச், 0.058 கேஜ் செயினுக்குச் செய்யப்பட்டது. என் மெஷின் 3/8 பிட்ச், 0.063 கேஜ். எல்லாம் அங்குலக் கணக்கு. பிட்ச் என்பது செயினில் அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளுக்கு இடையிலான தூரத்தில் பாதி. 3/8 என்றால் அந்த மூன்று ரிவெட்டுத் தூரம் 19 மில்லிமீட்டரும், 0.325 என்றால் 16.5 மில்லிமீட்டரும் வரும். ஒரு அடிக்கோல் இருந்தால் கடையிலேயே அளந்துவிடலாம். எஞ்சின் பக்கத்து ஸ்ப்ராக்கெட்டு என்ற பற்சக்கரம், பாரின் மூக்கில் சுழலும் சிறு சக்கரம், செயின் ஆகிய மூன்றும் ஒரே பிட்சில் இருந்தாக வேண்டும். கேஜ் என்பது பாரின் விளிம்பிலுள்ள காடிக்குள், அதாவது பள்ளத்துக்குள், இறங்கி ஓடும் லிங்கின் (செயின் கண்ணியின்) தடிமன். தடித்த செயின் மெல்லிய காடியில் இறங்காது என்பதால் அந்தத் தவறு உடனே தெரிந்துவிடும். மெல்லிய செயின் அகலக் காடியில் இறங்கிவிடும். அறுக்கும்போதுதான் அது சாய்ந்து, பலகை வில்லாக வளைந்து வரும். இரண்டாவது தவறுதான் அதிகச் செலவு வைப்பது.

அந்த ஏழில் ஒரு கடையில் எனக்கு மனவருத்தம் தரும் ஒன்று நடந்தது. கடையின் பெயர் இங்கே வேண்டாம். உள்ளே தேடி ஒரு 24 அங்குலப் பாரை எடுத்து வந்து, என் மெஷினுக்கு அப்படியே பொருந்தும் என்று உறுதியாகச் சொன்னார்கள். பட்டறைக்குக் கொண்டுவந்து மாட்டினால், போல்ட்டு நுழையும் நீள்துளை ஒடுக்கமாக இருந்தது. என் மெஷினின் போல்ட்டுக்குச் சுமார் 12 மில்லிமீட்டர் அகலத் துளை வேண்டும். கொடுத்தது ஹஸ்க்வர்னா பெரிய மெஷின்களுக்கான 9 மில்லிமீட்டர் துளைப் பார். திரும்பக் கொண்டுபோனபோது, அரத்தால் ராவிப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். இதை யாரும் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே விரிவாக எழுதுகிறேன். துளையை அகலமாக்கினாலும், எண்ணெய் வரும் ஓட்டையும் செயினை இறுக்கும் ஊசி உட்காரும் ஓட்டையும் அந்தந்த மெஷினுக்கு வேறு வேறு இடத்தில் இருக்கும். எண்ணெய் ஓட்டை நேர்ப்படாவிட்டால் பாருக்குள் எண்ணெய் போகாது. உலர்ந்து ஓடும் செயின் சில நிமிடங்களில் பாரை நீலம் பாரிக்க வைத்துவிடும். வாதாடிய பிறகு பணத்துக்கு ஈடாக வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எனக்குத் தேவையில்லாத அரங்களை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இணையத்தில் நீளமான பார்கள் நிறையக் கிடைக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். நான் வாங்கவில்லை. நான் பார்த்த பக்கங்களில் நீளமும் விலையும் பெரிய எழுத்தில் இருந்தன. எந்த மெஷினின் போல்ட்டுக்கு என்ற விவரம் பலவற்றில் இல்லை. அந்த விவரம் இல்லாமல் வாங்குவது எஸ்.ஜே.பி. ரோட்டில் எனக்கு நடந்ததையே வீட்டில் உட்கார்ந்து நடத்திக்கொள்வதாகும்.

மூன்றாவது வாரம், எனக்குப் பலா மரம் கொடுக்கும் குடகுக்காரர் ஒருவர் வழி சொன்னார். காபித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தை வெட்டுகிறவர்கள் நகரத்துக்கு வரும் சாலையில்தான் அவர்களுக்கான சரக்கு இருக்கும், மைசூர் ரோட்டில் போய்ப் பாருங்கள் என்றார். கேட்ட பிறகு அது வெளிப்படையான செய்தியாகத் தோன்றியது. எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். கெங்கேரிக்குச் சற்று இப்பால், விவசாயக் கருவிகள் விற்கும் ஒரு டீலரின் கடை. முன்பக்கம் ஸ்பிரேயரும் புல்வெட்டும் மெஷினும், பின்பக்கம் பழுதுபார்க்கும் இடம். சுவரில் 25 அங்குலப் பார்கள் நான்கும், 30 அங்குலப் பார் ஒன்றும் தொங்கின. 24 அங்குலத்துக்கு மேல், மூன்று வாரத்தில் நான் கண்ணால் பார்த்த முதல் பார்கள் அவைதான்.

கல்லாவுக்குப் பின்னால் இருந்த பெரியவர் தர்மபுரிப் பக்கத்துக்காரர். "முப்பத்தாறு அங்குலம் வேணும் அண்ணா" என்று நான் கேட்டதும், இருக்கிறது என்றோ இல்லை என்றோ அவர் சொல்லவில்லை. "குறுக்கே அறுக்கவா, நெடுக்கே அறுக்கவா?" என்று கேட்டார். இத்தனை கடைகளில் யாரும் கேட்காத கேள்வி அது. பாரின் நீளம் முழுவதும் அந்த விடையில்தான் அடங்கியிருக்கிறது. மரத்தைக் குறுக்கே துண்டு போடுவதானால் ஒரு பக்கம் பாதியும் மறுபக்கம் பாதியுமாக அறுக்கலாம். 25 அங்குலப் பாரைக் கொண்டே 40 அங்குல மரத்தைத் துண்டாக்கிவிடலாம். பலகைக்காக நெடுக்கே அறுக்கும்போது அது நடக்காது. பாரின் இரு முனையையும் சட்டத்தில் பிடித்து, கட்டையின்மேல் ஒரே மட்டமாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கட்டையின் அகலம் முழுவதும் பாருக்குள் அடங்க வேண்டும். அதற்கும் மேலாக, சட்டத்தின் பிடிகள் ஏறத்தாழ 4 அங்குலத்தைத் தின்றுவிடும். 28 அங்குலக் கட்டைக்கு 32 அங்குலமாவது வேண்டும் என்ற இந்தக் கணக்கில்தான், சற்றுக் கூடுதலாக நான் 36 கேட்டேன்.

அவர் அதைக் கேட்டுவிட்டு, என் மெஷினின் பெயரை இன்னொரு முறை உறுதி செய்துகொண்டு, விற்க மறுத்துவிட்டார். நெடுக்கே அறுப்பது எஞ்சினுக்குக் குறுக்கே அறுப்பதைவிடக் கடினமான வேலை. நிறுத்தாமல் முழு வேகத்தில் பத்து நிமிடம்கூட ஓட வேண்டியிருக்கும். 36 அங்குலப் பாரில் 114 லிங்குச் செயினை இழுத்துக்கொண்டு, 28 அங்குல அகலத்தில் ஒரே நேரத்தில் பற்கள் கடித்திருக்க, 72 சிசி எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் என்று விளக்கினார். அந்த வேலைக்கு 90 சிசிக்கு மேற்பட்ட மெஷின் வேண்டும் என்பது அவர் கருத்து. "உன் மிஷினுக்கு இருபத்தஞ்சு போதும் தம்பி. மரத்தைச் சின்னதாக்கிக்கோ" என்று சொல்லி, பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டார்.

அந்த வட்டத்தின் கணக்கு மற்றவர்களுக்கும் பயன்படும். 28 அங்குலக் கட்டையின் நடுவிலிருந்து 10 அங்குலம் தள்ளி அறுத்தால், அந்த இடத்தில் கட்டையின் அகலம் 20 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். 25 அங்குலப் பாரில் பிடிகளுக்கு 4 போக 21 அங்குலம் மிஞ்சுகிறது. ஆகவே அந்த அறுப்பு அடங்கிவிடும். எதிர்ப்பக்கத்திலும் அப்படியே ஒன்று எடுத்துவிட்டு, கட்டையைக் கால் சுற்று உருட்டிவிட்டால், இரு பக்கமும் தட்டையான 20 அங்குலக் கட்டை கிடைக்கிறது. அதன் பிறகு எந்தப் பலகையும் 20 அங்குலத்தைத் தாண்டாது. மேசைக்கு முழு 28 அங்குல அகலம் கிடைக்காமல் போவது உண்மையான இழப்புதான். ஆனால் நடுவில் 4 அங்குலத் தடிமன் வரும் அந்த இரண்டு பக்கத் துண்டுகளும் எனக்கு நல்ல பெஞ்சுப் பலகைகளாயின.

பார் விற்பதிலும் அந்தக் கடையின் முறை எனக்கு நம்பிக்கை தந்தது. நான் கொண்டுபோயிருந்த பழைய பாரின் அடியில் பொறித்திருந்த எழுத்துகளைத் துடைத்து வாசித்து, புதிய பாரைப் பக்கத்தில் வைத்துத் துளைகளை ஒப்பிட்டுக் காட்டினார். செயினை அங்குலத்தில் கேட்காமல் லிங்கு எண்ணிக்கையில் கேட்கச் சொன்னார். ஒரு கம்பெனி 24 அங்குலம் என்றும் இன்னொன்று 25 அங்குலம் என்றும் விற்கும் பார்கள் இரண்டுக்குமே 84 லிங்குச் செயின்தான் வரும். பின்கட்டில் இருந்த பையன் நூறடிச் சுருளிலிருந்து 84 லிங்கு எண்ணிக் கத்தரித்து, ரிவெட்டு அடித்து, கண் முன்னால் வளையமாக்கிக் கொடுத்தான். இடப்பல், வலப்பல் என்று மாறி மாறி வரும் இந்தச் செயினின் அமைப்பு, 1946-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி, மரத்தைக் குடையும் வண்டுப்புழுவின் தாடையைப் பார்த்துக் கண்டுபிடித்தது. எண்ணும்போதே அந்தப் பற்களின் ஒழுங்கைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

குறைகளும் உண்டு. நெடுக்கு அறுப்புக்கென்று பற்களை 10 டிகிரியில் தீட்டிய செயின் அங்கே இல்லை. சாதாரணமாக 30 டிகிரியில் வரும் செயினைத்தான் கொடுத்தார்கள். அதை நானே 5.2 மில்லிமீட்டர் அரத்தால் இரண்டு மாலைகள் உட்கார்ந்து கோணம் மாற்றினேன். சுவரில் இருந்த 25 அங்குலப் பார்கள் நான்கில் மூன்று வேறு மெஷினுக்கானவை, என் மெஷினுக்குரிய ஒன்றும் யாரோ முன்பணம் கட்டி வைத்தது. எனக்கானது வெளியூர்க் கிடங்கிலிருந்து வர ஒன்பது நாள் ஆயிற்று. வந்ததும் தொலைபேசியில் சொல்வதாகச் சொன்னவர்கள் சொல்லவில்லை, நானே கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. வண்டி நிறுத்த இடமில்லை, ஞாயிறு விடுமுறை. விலை எஸ்.ஜே.பி. ரோட்டுப் பாரைப்போல மூன்று மடங்கு. அந்த விலையைக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை.

பார் வந்த அன்று, கண்ணாடிப் பலகையில் கிடத்தி நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். எங்கும் வெளிச்சம் புகவில்லை. நீளமான பாருக்கு எண்ணெயும் கூடுதலாக வேண்டும் என்பதால் பம்பை முழு அளவுக்குத் திருப்பி வைத்து, மூக்கை ஒரு வெள்ளை அட்டைக்கு மேலே பிடித்து எஞ்சினை முடுக்கினேன். சில நொடிகளில் அட்டையில் எண்ணெய்க் கோடு விழுந்தது. அதற்குப் பிறகுதான் கட்டையில் வைத்தேன். தூங்குமூஞ்சியின் நடுமரம் ஈரமாக இருந்ததால் எதிர்பார்த்ததைவிட எளிதாகவே இறங்கியது. ஒவ்வொரு பலகைக்கும் ஒருமுறை செயினைத் தீட்டியும், நாள் முடிவில் பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டும் மூன்று நாளில் முடித்தேன். 2 அங்குலத் தடிமனில் எட்டுப் பலகைகள் வந்தன. ஒன்றில்கூட வளைவு இல்லை.

நீளப் பார் தேடுகிறவர்கள் பழைய பாரையும் செயினையும் கையோடு எடுத்துக்கொண்டு மைசூர் ரோட்டுப் பக்கமே முதலில் போகலாம். கிளை கழிக்கும் மெஷினுக்கு 16, 18 அங்குலப் பார் வேண்டுமென்றால் எஸ்.ஜே.பி. ரோடே போதும், அங்கே விலையும் குறைவு, சரக்கும் உடனே கிடைக்கும். நான் அடுத்த கட்டைக்காக இன்னொரு 84 லிங்குச் செயின் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த முறை அதை 10 டிகிரியில் தீட்டியே தருவதாகப் பெரியவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.